கமக்காரரும் களிறும்: அறிதல் ஓர் அறமாகுமா?

உயிர்களிடத்து இரக்கம் வேண்டும் என்பதை மறுத்துரைப்போர் தமிழரிடையே அரியர். கொல்லாமைக்குத் தனியோர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைச் சிறுவயதிலேயே கற்று வளர்பவர் அவர். எனினும் இரக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைக் கொடுப்பவர் யார் என்ற வினா எழும்போதுதான் கற்ற தெளிவு மங்கத் தொடங்குகின்றது.

திருகோணமலையையே எடுத்துக்கொள்ளலாம். லிங்கநகரில் வாழும் ஒருவர் கோட்டைப் பக்கமாகச் செல்வாராயின் புள்ளிமான்கள் கூட்டமாக மேய்வதைக் காண்பார். இனிய காட்சி, அவருக்கு அதனால் இழப்பொன்றுமில்லை. (குப்பையிற் கிடக்கும் பொலித்தீனைத் தின்று அம்மான்கள் மடிவதுண்டு என்பதை அவ்வினிமை எளிதில் மறக்கச் செய்துவிடும்.) அதே மாவட்டத்துக் கந்தளாய்க் கமக்காரரை நாடி வரும் விலங்கோ யானை. கடன்பட்டு விளைவித்த வயல் ஓரிரவில் அழிகின்றது. வீட்டில் மூட்டை கட்டி வைத்த நெல்லுக்காகச் சுவரும் இடிக்கப்படுகின்றது. இவ்விருவரும் உயிரிரக்கம் என்ற ஒரே சொல்லைக் கூறும்போது ஒரே பொருளையா கூறுகின்றனர்?

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். கட்டுத்துவக்கு, வாய்வெடி, களவாக மின்சாரம் பாய்ச்சிய கம்பி என்பன யானைகளின் சாவுக்குரிய காரணங்களுட் சில. மனிதருட் பெரும்பாலோர் காட்டோரத்து ஏழைகள்.

மேலைத்தேய மெய்யியலாளர் இப்பொருளை ஆராயாமல் இல்லை. விலங்குகள்பால் மனிதனுக்கு நேரடியான கடமை இல்லையென்றும், அவற்றை வதைப்பவன் மனிதரிடத்தும் கொடியவனாவான் என்பதாலேயே வதைத்தல் தவறென்றும் காண்ட் கருதினார். பெந்தாம் 1789இல் வெளிவந்த தமது நூலில், துன்பத்தை உணரும் ஆற்றலையே அளவுகோலாகக் கொண்டார். இருவரும் பேரறிஞர்; இருவருக்கும் கந்தளாயில் வயல் இருக்கவில்லை.

பழந்தமிழர் குறிஞ்சி நிலத்தில் இச்சிக்கலோடு வாழ்ந்தவர். தினைப்புனத்துக் காவல் மகளிர் தட்டையும் கவணும் கொண்டு கிளியை ஓட்டினர்; கானவர் இரவிற் பரண்மீதிருந்து யானையை விரட்டினர். அவர்தம் வாழ்வை முழுவதும் அன்பின் வாழ்வென்று புனைந்துரைத்தல் பொருந்தாது. விலங்கை வீழ்த்த அடார் என்னும் கற்பொறி வைத்தவரும் அவரே. இன்றைய கட்டுத்துவக்கு அதன் பேரன் எனலாம். ஆயினும் கொல்லுதற்கும் விட்டுக்கொடுத்தற்கும் இடையே காத்தல் என்றொரு வழி உண்டென்பதை அவர் அறிந்திருந்தனர். எந்த விலங்கு எப்பொழுதில் வரும், எதற்கு அஞ்சும் என்று அறியாதவர் காத்தல் இயலாது.

அறிவின்றிச் செய்யும் இரக்கம் எத்துணைத் தீங்காக முடியும் என்பதற்கு இலங்கையிலேயே சான்றுண்டு. பயிரழிக்கும் ஆண் யானையைச் சுடுதல் பாவம். மயக்கி ஏற்றிச் சென்று தேசியப் பூங்காவொன்றில் விட்டுவிடலாம் என்பது நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்பட்ட முறை. பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர்தம் குழுவினரும் அவ்வாறு இடம்பெயர்க்கப்பட்ட 12 யானைகளுக்குக் கழுத்துப்பட்டி அணிவித்துத் தொடர்ந்தனர். 2012இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, இரண்டு யானைகள் விடப்பட்ட பூங்காக்களிலேயே கொல்லப்பட்டன. ஏனையவை யாவும் பூங்காவை விட்டு வெளியேறின. சில பழைய இடத்துக்கே மீண்டன. சில ஊரூராக அலைந்தன. சில புதிய ஊர்களிற் குடிகொண்டன. யானைச் சாவும் மனிதர் துயரும் குறையவில்லை, பெருகின. யானையை ஏற்றிச் சென்றோர் நல்லெண்ணத்துடனேயே செய்தனர். அதன் விலையைக் கொடுத்தவர் வேற்றூரார்.

இந்நிலையில், விலங்கின் நடத்தையை ஆராய்வதையும் மரம் நட்டுப் பயிர் செய்வதையும் ஒரே பணியாகக் கொண்டோரின் முயற்சி கருதத்தக்கது. ரவி கொரேயா 1995இல் தொடங்கிய இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் வஸ்கமுவைக் காட்டோரத்தில் இவ்வழியிற் செயற்படுகின்றது. தோடை போன்ற மரங்களை யானை விரும்புவதில்லை என்பதைச் சோதித்தறிந்து, வீட்டைச் சூழ நடுவதற்குத் தோடங்கன்றுகளைக் கமக்காரருக்கு வழங்கினர். மரம் யானையைத் தயங்கச் செய்யும். பழம் சந்தைக்குப் போகும். இரக்கத்தின் விலையைக் கமக்காரர் தலையில் ஏற்றாமல் அவர் கையிற் சிறிது பணமும் வைப்பதே இதன் சிறப்பு.

தேனீ வேலியும் அங்கே சோதிக்கப்பட்டது. கலைக்கப்பட்ட தேனீக்களின் ஒலி கேட்டு யானைகள் விலகியோடுகின்றன என்பதை லூசி கிங்கும் அவர்தம் குழுவினரும் கென்யாவில் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர்; இலங்கை யானைகளும் அவ்வாறே பின்வாங்குவதை 2018இற் காட்டினர். கம்பியொன்றில் தேன்பெட்டிகளைத் தொடுத்து வயலைச் சுற்றித் தொங்கவிட்டால், கம்பியைத் தள்ளும் யானை பெட்டிகளையெல்லாம் அசைத்துவிடும். ஆனால் இலங்கைத் தேனீ சாதுவானது. வரட்சியிற் கூட்டைவிட்டுப் பறந்தும் போய்விடும். வெறும் பெட்டிக்கு யானை எத்தனை நாள் அஞ்சும்? ஓரிடத்து அறிவை மற்றோரிடத்துக்கு அப்படியே எடுத்துச் செல்லல் இயலாது. அங்கேயே தங்கி, அங்கேயே பயிர்செய்து, தோல்வியையும் பதிந்து வைப்போர் தேவைப்படுவது இதனாலேயே.

யானையை வேண்டுமென்றே அச்சுறுத்திச் சோதித்தல் தகுமா என்று கேட்போரும் உளர். கேட்கத்தக்க கேள்விதான். எனினும் வாய்வெடியாற் தாடை சிதைந்து, உண்ணவியலாது நாட்கணக்கில் வாடிச் சாகும் யானைக்கு முன் சிறுபொழுது அச்சத்தைப் பெரிதுபடுத்தல் நியாயமன்று.

அறிதல் மட்டும் அறமாகிவிடும் என்பதும் மிகையே. பொலன்னறுவைக் குரங்குகளை 1968 முதல் ஆராய்ந்த வூல்ப்காங் டிட்டஸ், உணவு குன்றும்போது உயர்நிலைக் குரங்குகள் தாழ்நிலையின உண்ணுமிடத்தைப் பறிப்பதையும், இளம் பெண்குரங்குகளே அதனால் மிகுதியும் மடிவதையும் 1977இல் எடுத்துக்காட்டினார். குரங்குக் கூட்டத்தின் ஒழுங்கு அது. அதிலே குற்றம் காண இடமில்லை. ஆனால் காட்டைக் காக்கும் பெருமை நகரத்தார்க்கும் பட்டினி காட்டோரத்தார்க்கும் என்று மனிதர் பங்கிட்டுக்கொள்வது இயற்கையின் விதியன்று, மாற்றக்கூடிய ஏற்பாடு. 2025 மார்ச் 15இல் பயிரழிக்கும் விலங்குகளை நாடெங்கும் ஐந்து நிமிடத்தில் எண்ண அரசு முற்பட்டது. எண்ணிக்கை கிடைத்திருக்கலாம், அரை நூற்றாண்டாக ஒரே காட்டில் இருந்து கண்டதை ஐந்து நிமிடத்திற் காணமுடியாது.

பெர்னாண்டோவின் குழுவினர் பிற்காலத்தில் மற்றொரு முறையை முன்வைத்தனர். காட்டு எல்லையில் அன்றி வயலைச் சுற்றியே மின்வேலி இடுதல். அதனைக் கமக்காரரே ஒன்றுகூடி அமைத்துப் பேணுதல். விதைப்புக்கு முன் வேலி எழுகின்றது. அறுவடை முடிந்ததும் கம்பியைச் சுருட்டி வைக்கின்றனர். யானைகள் வயலில் இறங்கி எஞ்சிய தாளை மேய்கின்றன. அடுத்த மழைவரை எவரும் அவற்றை விரட்டுவதில்லை.