துறவும் தடையும்

தன்பாலீர்ப்பு பற்றிக் கத்தோலிக்கத் திருச்சபை சொல்வதை எதிர்ப்பவர்களில் பலர் அதைப் படித்ததில்லை. 1992இல் வெளியான மறைக்கல்வி நூல், இத்தகையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக ஒதுக்கக் கூடாது என்கிறது. அவர்களுடைய உறவு இயல்பிலேயே ஒழுங்கற்றது என்றும் சொல்கிறது. ஆக, அவர்களுக்கு விதிக்கப்படுவது ஆயுள் முழுவதும் பிரம்மச்சரியம். 2023 டிசம்பரில், போப் பிரான்சிஸின் ஒப்புதலோடு, இத்தகைய ஜோடிகளுக்குக் குருக்கள் சடங்கின்றி ஆசி வழங்கலாம் என்று வத்திக்கான் அனுமதித்தபோதும் இந்த விதி மாறவில்லை.

என் பிரச்னை இந்தப் பிரம்மச்சரியத்தைப் பற்றியதுதான்.

பூந்தமல்லி குருமடத்தில் சேரும் இளைஞனும் மணவாழ்வை விடுகிறான். ஆனால் யோசித்துப் பார்க்க அவனுக்கு வருஷக்கணக்கில் அவகாசம் உண்டு. வேண்டாமென்று பட்டால் வெளியேறிக் கல்யாணம் செய்துகொள்ளலாம், அது பாவமில்லை. அவன் விடுவது நல்லதொன்று. அதனால்தான் அது துறவு. தன்பாலீர்ப்புள்ளவனிடம் விடச் சொல்வதோ, தீயது என்று முன்பே தீர்ப்பாகிவிட்ட ஒன்று. அதை விடுவது தடைக்குக் கீழ்ப்படிவது, துறவாகாது. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் துறவுக்கே மதிப்பில்லாமல் போகும்.

விதவைக்கும் வரன் அமையாதவளுக்கும் இதே நிலைதானே என்று பதில் வரலாம். அவர்களுக்கு வாசலை அடைத்தது சந்தர்ப்பம். ஒரு துணை வரமாட்டாதா என்று அவர்கள் ஏங்கலாம். அந்த ஏக்கத்தில் கோளாறு இல்லை. இவனுக்கு ஏக்கமே கோளாறு. 1986இல் வத்திக்கான் ஆயர்களுக்கு எழுதிய கடிதம், செயலைத் தாண்டி நாட்டத்தையே ஒழுங்கின்மை என்றது.

தாம்பரத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்கையில் இன்னொன்றும் தெரிகிறது. குருவுக்குப் பங்கு இல்லம் உண்டு, சக குருக்கள் உண்டு, ஊரில் மதிப்பு உண்டு. சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ தனியாளாக வாடகைக்கு வீடு தேடுபவனிடம் முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்பதுதான். தனிமையைக் கட்டளையிடும் ஸ்தாபனம், தனித்தவன் எங்கே, யாரோடு சாப்பிடுவான் என்பதையும் யோசித்திருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயம் தமக்கு முழுதாக விளங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் கேட்டறிந்த பிறகே 2021 ஜூனில் உத்தரவு எழுதினார். பரங்கிமலைக்குத் தன் பெயரைத் தந்த தோமையாரும் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்றவர். அவரை விசுவாசம் குறைந்தவர் என்பார்கள். தொடாமல் முடிவு சொல்ல மறுத்தவர் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.