இரதியின் கண்

இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பட்டுவரும் காமன் கூத்து, தேவர்கள் ஏவச் சென்று சிவனது தவத்தைக் கலைத்த மன்மதன் நெற்றிக்கண் நெருப்பில் வெந்து சாம்பலாக, அவன் மனைவி இரதி புலம்பி நிற்கும் துக்க நாடகமாகும். 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பி, நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறி, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள், இக்கூத்து வேரூன்றிய மண்ணிலிருந்து வந்தவர்களே.

இந்நாடகத்தின் சோகம் மரணத்தில் மட்டும் இல்லை. சூரபதுமனை அழிக்க ஒரு குமாரன் பிறக்கவேண்டுமென்ற லோக க்ஷேமத்துக்காகச் சென்றவன், அந்தத் தொண்டுக்காகவே தண்டிக்கப்படுகிறான் என்பதில்தான் அது இருக்கிறது. இரதி முறையிட்டபின் இறைவன் அருளும் வரமும் முழுமையானதன்று. மன்மதன் மீள்கிறான், ஆயினும் அவளொருத்தியின் கண்ணுக்கு மட்டுமே ரூபத்தோடு தோன்றுவான். இதனாலன்றோ நம் ஊர்களில் லாவணி எனும் வாதப் பாட்டுப் பாடுவோர், மன்மதன் எரிந்தான் எனும் எரிந்த கட்சி என்றும் எரியவில்லை எனும் எரியாத கட்சி என்றும் பிரிந்து, இரவெல்லாம் வாதாடினார்கள்!

இவ்வழக்கில் சிற்பிகளின் சாட்சியம் விசேஷமானது. ராஜேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துக் காமதகனச் சிற்பத்தில், எரிக்கப் போகிறவரும் எரியப் போகிறவனும் கல்லில் உடலோடு இருக்கிறார்கள். அரங்கில் நெருப்பு மூண்டதும் கதை புலம்பலுக்கு நகர்ந்துவிடுகிறது. கல்லிலோ அந்த க்ஷணம் கடப்பதேயில்லை. திண்டுக்கல்லை அடுத்த தாடிக்கொம்பில், சௌந்தரராஜப் பெருமாள் கோயில் தூண்களில் நிற்கும் இரதியையும் மன்மதனையும், திருமணத் தடை நீங்க வேண்டி வியாழக்கிழமைகளில் மக்கள் வழிபடுகிறார்கள். வேறெவர்க்கும் புலப்படான் என்று புராணம் விதித்தவனைச் சிற்பி எல்லோர் முன்னும் நிறுத்திவிட்டான். எனவே அத்தூணின்முன் நிற்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, இரதிக்கென ஒதுக்கப்பட்ட பார்வையைப் பெற்றவராகிறார்.

காமதகனம் என்பது ஆசையை ஞானம் எரித்ததைக் குறிக்கும் தத்துவமே என்றும், அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை என்றும் சித்தாந்திகள் சொல்லக்கூடும். அவ்விளக்கம் சிவனது கண்ணிலிருந்து பார்ப்பது, பிழையுமன்று. ஆயினும் அதுவே முழு உண்மையாயின், இரதியின் ஒப்பாரியைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்த கூத்துக்கும், எரிந்தவனுக்கு உடல் கொடுத்துக் கோயிலுக்குள்ளேயே இடமும் தந்த சிற்பத்துக்கும் அவசியமே இராது. நமது சமயம் இழப்பைப் பொய்யென்று தள்ளவில்லை. நீதி செய்யப்பட்டதாகச் சொல்லி அழுகையை அடக்கவுமில்லை. எரித்த கண்ணையும் அழுத கண்ணையும் ஒரே ஆலயத்தில் வைத்துத் தொழுதது. லாவணிக்காரர்களின் வழக்குத் தீராததற்கும் இதுவே காரணம்: இரு கட்சியும் மெய்யே பேசின.