திறந்த மேடையும் மூடிய செவியும்

பாட்டுக் கட்டியவர் யாவரும் சபையேறிப் பாடலாமா, அன்றித் தேர்ந்த புலவர் சிலர்க்கே அவ்வுரிமை உரியதா என்னும் கேள்வி தமிழரிடையே மிகப் பழையது. அது இப்போது கைப்பேசியின் வழியாக நம் மலைத் தோட்டங்களுக்கும் ஏறி வந்திருக்கிறது. கோலாலம்பூரில் ஒருவர், ஈப்போவில் ஒருவர், சென்னையில் ஒருவர், இங்கே தானா ராத்தாவில் நாம் என்று, அவரவர் இருந்த இடத்தில் இருந்தபடியே மாதம் ஒருமுறை கூடும் இணையக் கவியரங்கத்தைத்தான் கூறுகிறோம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18இல் இந்நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து மண்டபங்கள் பூட்டப்பட்டபோது இத்தகைய கூட்டங்கள் பெருகின. மண்டபங்கள் திறந்த பின்னரும் சில நின்றுவிடவில்லை. அழைக்கப்பெற்ற கவிஞர் இருவர் மூவர் முதலில் பாடுவர். இடையிடையே ஒருவர் புல்லாங்குழல் வாசிப்பார். முடிவில் ‘திறந்த மேடை’ என்று அறிவிப்பர். பெயர் கொடுத்தவர் எவராயினும் தம் பாட்டைப் பாடலாம். சாதி, படிப்பு, தொழில் ஒன்றும் கேட்பதில்லை.

நல்ல ஏற்பாடு என்றே நாம் மகிழ்ந்திருந்தோம். சென்ற கூட்டத்திலே நம் மகிழ்ச்சிக்கு ஒரு குறை நேர்ந்தது.

முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மையார் ஒருவர் இம்மலையில் இருக்கிறார். தம் தாய் தோட்டத்தில் பாடிய பாட்டு ஒன்றும், அதன் மேல் தாமே கட்டிச் சேர்த்த அடிகள் பலவும் அவருக்கு மனப்பாடம். எழுதி வைத்தவர் அல்லர். அவரைத் திறந்த மேடையில் பாடச் செய்ய வேண்டும் என்பது நம் ஆசை. அவர் குடியிருக்கும் லயம் இரண்டு குன்றுகளுக்கு இடையே பள்ளத்தில் இருப்பதால் அங்கே கைப்பேசிக்கு அலை எட்டுவதில்லை. (யாவருக்கும் திறந்த மேடை என்று நாம் பேசுவதில் முதல் பொய் இதுவே, அலை எட்டியவர்க்கு மட்டுமே அது திறந்திருக்கிறது.) ஆகவே அவரைப் பட்டணத்துக்கு அழைத்து வந்து, தெரிந்தவர் கடையொன்றின் பின்னறையில் உட்கார வைத்தோம். கம்பளிச் சட்டை போட்டு, தலைக்குத் துண்டு கட்டி, இரவு எட்டு மணி முதல் அவர் காத்திருந்தார். அழைக்கப்பெற்ற கவிஞர்கள் தம் நேரத்துக்கு மேலும் பாடினர். பத்தரை மணிக்கு மேல் அவர் பெயர் வந்தது. நேரமாகிவிட்டது, இரண்டே நிமிடம் என்றார் நடத்துநர்.

அம்மையார் பாடினார், மேசையில் உள்ளங்கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடினார். அந்தத் தாளம் மறுபக்கத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை என்று பின்னர் அறிந்தோம். மனிதக் குரலை மட்டும் கடத்தி, தட்டுவதையும் இரைவதையும் குப்பையென்று வெட்டி எறியும்படி இக்கருவிகளைப் பழக்கியிருக்கிறார்கள். அது போகட்டும். திரையைப் பார்த்தால், முதலில் பாடிய கவிஞர்களுள் ஒருவரும் இல்லை. மற்றவருள் பலரும் எழுந்து போய்விட்டனர். எஞ்சியவை பெயர் எழுதிய கறுப்புச் சதுரங்கள். பாட்டு முடிந்ததும் “மிக அருமை” என்றார் நடத்துநர். கைதட்டும் படம் ஒன்று தோன்றி மறைந்தது.

“தம்பி, கேட்டாங்களா?” என்று வினவினார் அம்மையார்.

கேட்டார்கள் என்று சொல்லிவிட்டோம். அவர் நம்பவில்லை. நம்புவதற்கு நாமும் யோக்கியதை உடையவர் அல்லோம். அம்மையாருக்கு முன் ஓர் இளைஞர் நீண்ட கவிதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, நாம் மெல்ல எழுந்து கடையின் முன்புறம் சென்று ரொட்டி சானாயும் தேநீரும் உண்டு திரும்பினோம். அவ்வளவு நேரமும் நம் பெயர் அச்சபையில் ‘இருப்பவர்’ வரிசையில் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது.

இச்செய்தியைக் கேட்ட நண்பர் ஒருவர், “கண்டவர்களையெல்லாம் மேடையேற்றினால் இதுதான் நடக்கும். கவிதையல்லாததைக் கேட்கும்படி எவரைக் கட்டாயப்படுத்த முடியும்? தேர்ந்தெடுத்துப் பாடச் செய்க, சபை தானாக நிற்கும்” என்றார். படித்தவர் பலர்க்கும் இதுவே அபிப்பிராயம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. திறந்த மேடையிலே பாடப்படுவனவற்றுள் பெரும்பாலன நல்ல கவிதைகள் அல்ல. அதை மறைப்பதால் பயன் என்ன? ஆயினும் முற்காலத்துச் சபைகள் நூலை மட்டும் தேர்ந்தன என்று எண்ணுவது பிழை. நூல் சபைக்கு வருமுன்னே, அதைக் கொண்டுவந்தவன் வாயிலைத் தாண்டலாமா என்று தேர்ந்தன. எழுத்தறிவு மறுக்கப்பட்டவளின் பாட்டு எந்தப் புலவரவையிலும் தோற்றதில்லை. அது அவைக்கு வரவே இல்லை. வராததைத் தோற்றதாகக் கணக்கெழுதுவது நேர்மையன்று.

நிற்க. தேயிலை மலையில் பாட்டும் வாத்தியமும் சபையும் சேர்ந்து என்ன செய்ய இயலும் என்பதற்கு இலங்கையிலே ஒரு சான்று உண்டு. அங்கே மலைநாட்டுத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், கூட்டங்களிலே தாம் இயற்றிய பாட்டுக்களைப் பாடுவார். தோட்டத்து மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்கிய மெட்டுக்களையே எடுத்துக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒரு முறை கேட்டால் மறுமுறை உடன் பாடலாம் என்பதே அதன் நோக்கம். அப்பாட்டுக்கள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறு நூலாகவும் வெளிவந்தன. அவற்றைக் காவியம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் அவற்றைக் கேட்டவர், தம் கூலியும் குடியுரிமையும் அப்பாட்டிலே பேசப்படுவது கண்டு கேட்டனர். அங்கே இசை சொல்லைச் சுமந்து சென்றது. நம் இணையக் கூட்டத்திலோ, ஓரிடத்துப் பாட்டும் மற்றோரிடத்துக் குழலும் ஒரே நொடியில் சந்திப்பதில்லை. ஒலி போய்ச் சேரும் சிறு தாமதத்தால் தாளம் பிசகிவிடும். ஆதலால் கவிதைக்கும் கவிதைக்கும் நடுவே குழல் தனித்து ஒலிக்கிறது. இனிமையாகத்தான் இருக்கிறது. அந்த இனிமை ஓய்ந்ததும் பலர் எழுந்து போய்விடுகிறார்கள் என்பதையும் கண்டோம்.

அதே இலங்கை மலைநாட்டில் சி. வி. வேலுப்பிள்ளை தொழிலாளர் பாடல்களைத் தொகுத்தார். மலேசியாவில் முத்தம்மாள் பழனிசாமி, தோட்டத்தில் தாம் கேட்டு வளர்ந்த பாடல்களை நூலாக்கினார். இவர்களின் தொண்டு பெரிது. ஆனால் அதற்கு எல்லை உண்டு. தொகுப்பவர் வந்து சேருமுன் இறந்தவர் எத்தனை பேர்! இன்று இங்கே கொழுந்து பறிக்கும் முறையும் மாறிவிட்டது. நிரையின் இருபுறமும் இருவர் நின்று பிடித்துச் செல்லும் இயந்திரத்தின் இரைச்சலில் பாட்டுக்கு இடமில்லை. அம்மையாரின் பாட்டுக்கு நிரையில் செவியில்லை, வீட்டிலே பேரப்பிள்ளைகளின் செவியில்லை. எஞ்சியிருந்தது அந்தத் திரை ஒன்றே.

ஆகவே இங்கே ஆராயத்தக்க அறக்கேள்வி, யார் பாடலாம் என்பதன்று. அது ஒருவாறு தீர்ந்துவிட்டது. பாடும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்தோம் என்றால், கேட்கும் கடமையை யார் மேல் வைத்தோம் என்பதே கேள்வி. ஒருவர் மேலும் வைக்காமல் உரிமையை மட்டும் கொடுப்பது, பசித்தவனைப் பந்தியில் உட்கார வைத்து இலையை மட்டும் போடுவதாகும்.

கருவியின் குற்றம் என்று சிலர் சொல்வர். நாம் ஒப்புக்கொள்ளோம். வானொலியிலும் கேட்போர் முகம் தெரியாது. 1939இல் திருச்சி நிலையம் தொடங்கிய நாள் முதல் எத்தனையோ கவிஞர் கண்ணுக்குத் தெரியாத மக்களை நோக்கிப் பாடியிருக்கின்றனர். ஆனால் வானொலி கேட்பவர் கேட்கவே வந்தவர். திறந்த மேடைக்கு வருபவரோ அநேகமாக எல்லாரும் பாட வந்தவர். தம் முறை வரும்வரை பிறர் பாட்டைப் பொறுத்துக்கொள்கிறார்கள்; தம் முறை முடிந்ததும் விடைபெறுகிறார்கள். மண்டபமாயின் எழுந்து போவது நாலு பேர் கண்ணில் படும். இங்கே வெட்கத்துக்கு வேலையில்லை.

நடத்துநர்கள் திறந்த மேடையைக் கடைசியில் வைப்பதும் இதற்கு உடந்தை. தமிழர்க்கு இது புதிய அவமானமன்று. சென்னையின் சங்கீத சபைகளிலே தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் வாலில் ‘துக்கடா’வாக வைத்துப் பாடினர். ஏன் இந்தக் கடைசி இடம் என்று கேட்டெழுந்ததன்றோ தமிழிசை இயக்கம்! 1943இல் தமிழ் இசைச் சங்கம் சென்னையில் தோன்றியது. அன்று சபைக்காரர் சொன்ன சமாதானமும் இதுவே: பாட வேண்டாம் என்றோமா? பாடுகிறோமே, கடைசியில்! அன்று நம் மொழிக்கு நேர்ந்ததை நாம் மறக்கவில்லை; இன்று நம்முள் எளியவர்க்கு நாமே அதைச் செய்கிறோம்.

திறந்த மேடையை வேறுவகையாகவும் நடத்தலாம். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் மார்க் ஸ்மித் என்னும் கட்டடத் தொழிலாளி 1984இல் ஒரு மதுக்கடையிலே கவிதை படிக்கும் கூட்டம் தொடங்கினார். 1986இல் ‘கிரீன் மில்’ என்னும் இசைவிடுதிக்கு அது மாறியது. திறந்த மேடை அங்கே முதலில், அதன் பின்னரே அழைக்கப்பெற்ற கவிஞர், இறுதியில் போட்டி. கேட்க வந்தவருள் எவரேனும் சிலரைப் பிடித்து மதிப்பெண் போடச் சொல்வர். பிடிக்காவிட்டால் சபையோர் வாய்விட்டே காட்டுவர். கவிதைக்கு மதிப்பெண் போடுவது நமக்கு உவப்பன்று. பள்ளிக்கூட வாத்தியார் வேலை அது. எனினும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஏளனம் செய்பவனும் கேட்டுவிட்டே செய்கிறான். நம் கூட்டத்தில் ‘அருமை, அருமை’ என்பவர் கேட்டாரா என்பதே ஐயம். கேளாமல் புகழ்வதைக் காட்டிலும் கேட்டு இகழ்வது பாடியவருக்குச் செய்யும் மரியாதை.

அப்படியாயின் நல்லதல்லாத பாட்டை எவ்வளவு நேரம் கேட்பது, வாழ்நாள் சிறிதன்றோ என்பர். நம் விடை எளியது. கேட்கும் கடமை உலகத்தார் எல்லார்க்கும் உரியதன்று. அந்தச் சபையில் பாடினவர்க்கு உரியது. எவ்வளவு நேரம் பிறர் செவியைப் பெற்றாயோ அவ்வளவேனும் உன் செவியைக் கொடு என்பதற்கு மேல் நாம் கேட்கவில்லை. புகழ் பெற்ற கவிஞர்க்கு இந்தக் கணக்கு கூடுதலாகும். அவர் பெற்றதும் கூடுதல் அல்லவா?

இக்கணக்கு நம்மையும் ஓரிடத்தில் பிடிக்கிறது. 1929இல் ரசல் என்னும் வெள்ளையர் போ தோட்டத்தைத் தொடங்கியபின் இம்மலைச் சரிவுகளைத் தேயிலையாக்கியதில் தமிழரின் உழைப்பு பெரிது. இன்று லயங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் பெரும்பாலோர் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியருமாவர். நம் பாட்டனைத் துரை பார்த்ததுபோல நாம் அவர்களைப் பார்க்கிறோம் என்று சொன்னால் பலர்க்குக் கோபம் வரும். ஆனால் கடைத்தெருவில் அவர்களை நாம் அழைக்கும் சொற்களைக் கேட்டவர் கோபப்படமாட்டார். அவர்களிடமும் பாட்டு உண்டு. சிங்கப்பூரில் 2014இல் புலம்பெயர்ந்த தொழிலாளர்க்கென்றே ஒரு கவிதைப் போட்டி தொடங்கிற்று. கட்டட வேலைக்கு வந்த ஜாகிர் ஹுசைன் கோக்கன் என்னும் வங்கக் கவிஞர் அவ்வாண்டும் மறு ஆண்டும் முதற்பரிசு பெற்றார். தாய்மொழியில் படித்த அக்கவிதைகளை, மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நகரத்தார் உட்கார்ந்து கேட்டனர். 2015இல் கோலாலம்பூரிலும் அத்தகைய போட்டி நடந்தது.

அம்மையாரின் லயத்தில் அடுத்த வீட்டிலே நேப்பாளி இளைஞன் ஒருவன் இருக்கிறான். மாலையில் மாதல் என்னும் தம் நாட்டுக் கொட்டு ஒன்றைத் தட்டிக்கொண்டு பாடுவானாம். அடுத்த கூட்டத்துக்கு அவனையும் அழைத்து வரட்டுமா என்று சென்ற வாரம் அம்மையார் கேட்டனுப்பினார். நாம் சற்றுத் தயங்கி, அவன் பாட்டு நம்மவர் யாருக்குப் புரியும் என்றோம்.

“ஏம் பாட்டு மட்டும் புரிஞ்சிடுச்சா, தம்பி? அவன் கொட்டு வச்சிருக்கான். நான் மேசையைத் தட்டினது கேக்கலன்னு சொன்னீங்களே, அவன் தட்டினா கேக்குமான்னு பாப்போம்” என்றார்.

நடத்துநர்க்கு எழுதியிருக்கிறோம். திறந்த மேடையை முதலில் வைக்க வேண்டும், அழைக்கப்பெற்றவர் முகம் காட்டி முடிவுவரை இருக்க வேண்டும், சத்தத்தை வெட்டும் அந்த ஏற்பாட்டை அம்மையார் பாடும் நேரத்துக்கேனும் அணைத்து வைக்க வேண்டும் என மூன்று வேண்டுகோள். மூன்றாவதைச் செய்து தருவதாகப் பதில் வந்தது. முதல் இரண்டைப் பற்றி அழைக்கப்பெறும் கவிஞர்களைக் கலந்து சொல்வாராம். கடைக்காரரிடம் பின்னறையில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறோம். நம் தேநீரையும் அன்று அங்கேயே கொண்டுவந்து தரச் சொல்லிவிட்டோம்.