கழுவிய கறை எங்கே போகிறது?

தீர்த்தமாடினால் பாவம் போகும் என்கிறோம். எங்கே போகும்? கல்பாக்கத்தில் அணுஉலை நீர் வேதியியலில் காலம் கழித்த எனக்கு இந்தக் கேள்வி தத்துவ விசாரமாக மட்டும் இருந்ததில்லை.

உலையின் வெப்பத்தைச் சுமந்து சுற்றும் கனநீர், கார்பன் எஃகுக் குழாய்களை மெல்ல அரிக்கும். அரித்த இரும்பும், உராயும் பாகங்களில் தேய்ந்த ஸ்டெல்லைட் உலோகக்கலவையின் கோபால்ட்டும் நீரோடு உலைக்குள் போகும். போகும்போது சாதுவான கோபால்ட்-59. நியூட்ரான் பட்டுத் திரும்பும்போது கதிர்வீசும் கோபால்ட்-60. குழாய்ச் சுவரின் மேக்னடைட் படலத்தில் அது குடியேறிவிடும். ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் செம்பின் களிம்பு இதற்குப் பொருந்தாது. களிம்பைச் செம்போடு பிறந்ததாகச் சொல்வார்கள். குழாயின் கறை இயங்கி இயங்கிச் சேர்ந்தது. கன்மம் என்பேன்.

இ.டி.டி.ஏ., சிட்ரிக் அமிலம், வைட்டமின் சி என்று நாம் அறிந்த அஸ்கார்பிக் அமிலம் ஆகியவற்றை லிட்டருக்குச் சுமார் ஒரு கிராம் என்று கனநீரிலேயே கலந்து, 80-90 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுற்ற விட்டால் படலம் கரையும். கரைந்த உலோகத்தை அயனிப் பரிமாற்ற ரெசின் பிடித்துக்கொண்டு அமிலத்தைத் திருப்பி அனுப்பும். அது மறுபடி கரைக்கப் போகும். கடைசியில் அந்த அமிலத்தையும் வேறொரு ரெசினில் இறக்கியாக வேண்டும். விட்டுவைத்தால் அதுவே குழாயைத் தின்னும். அழுக்கு நீக்கியதையும் நீக்கினால்தான் வேலை முடியும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

குழாயருகே கதிர்வீச்சு மீட்டர் இறங்க இறங்க, கதிர்த்தடுப்புக்குப் பின்னாலுள்ள ரெசின் கலத்தில் ஏறும். கழுவியதால் ஓர் அணுகூட அழியவில்லை, இடம்தான் மாறியது. எந்த அமிலத்துக்கும் அணுக்கருவைத் தொடும் வலு கிடையாது.

வீண் வேலையா, அப்படியானால்? ஃபீடர் குழாய்களுக்கு நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு பற்றவைக்கும் தொழிலாளி வாங்கும் டோஸ் குறைகிறதே, அதற்காகத்தான் அத்தனை பாடும். பரிகாரம் செய்து மனம் லேசானவர்களை நான் கேட்பதும் அதுதான்: உங்களால் நோகவிருந்த யாருக்கு நோவு குறைந்தது? இறக்கிய சுமையை இப்போது யார் காக்கிறார்கள்?

ரெசினைச் சிமெண்டிலோ பாலிமரிலோ இறுகவைத்துத் தனியிடத்தில் சேர்க்கிறோம். கோபால்ட்-60இன் அரையாயுள் 5.27 ஆண்டு. ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 50 ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை அங்கே காவல் இருக்க வேண்டும்.