பல் தெரியும் முகம்

குழுவில் மறுபடியும் அந்தப் படம்.

இருக்கையில் வாரால் கட்டப்பட்ட ஒரு சிம்பன்சி. உதடுகள் பின்னுக்கு இழுபட்டு, மேல்வரிசைப் பல், கீழ்வரிசைப் பல், ஈறு எல்லாம் தெரிகிறது. மேலே வெள்ளை எழுத்து: திங்கட்கிழமை காலையில் நான்.

கீழே, கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

*

சிரிப்பு வரவில்லை. வருத்தமும் வரவில்லை. பலமுறை பார்த்தது. விரல் தானாக மேலே தள்ளுகிறது.

பிறகு எதனாலோ கீழே இறங்கி வருகிறது.

*

அதன் பெயர் ஹாம்.

1957ல் கேமரூனில் பிறக்கிறது. பிடிபடுகிறது. கடல் தாண்டி மயாமியில் ஒரு பண்ணை. 1959ல் அமெரிக்க விமானப்படை வாங்குகிறது. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஹாலோமன் தளம்.

அங்கே அது 65. வெறும் எண்.

பெயர் வெளியே சொல்லப்படுவது உயிரோடு திரும்பி வந்த பிறகுதான். பெயருள்ள ஒன்று விண்வெளியில் செத்தது என்று செய்தி வந்துவிடக் கூடாது என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

*

பயிற்சி.

எதிரே ஒரு பலகை. நீல விளக்கு எரிந்தால் ஐந்து நொடிக்குள் நெம்புகோலை அழுத்த வேண்டும். அழுத்தினால் வாழைப்பழச் சுவையில் ஒரு வில்லை. தவறினால் உள்ளங்காலில் மின்சாரம்.

உள்ளங்கால்.

இதை எழுதும்போது தரையின் குளிர்ச்சி தெரிகிறது. இவ்வளவு நேரமும் இருந்திருக்கும். இப்போதுதான் தெரிகிறது.

*

1961 ஜனவரி 31. கேப் கனாவெரல்.

ஹாமை ஏற்றிய ராக்கெட் திட்டமிட்டதைவிட வேகமாகப் போகிறது. அதிக உயரம். மொத்தம் பதினாறரை நிமிடம். அதில் ஆறரை நிமிடத்துக்கு எடையே இல்லை. இறங்கும்போது உடம்பு தன் எடையைப் போல் 14 மடங்குக்கு மேல் கனக்கிறது. அதற்கு நடுவிலும் விளக்கு எரிகிறது. கை அழுத்துகிறது.

கலம் அட்லாண்டிக்கில் விழுகிறது. உள்ளே தண்ணீர் ஏறுகிறது. மணிக்கணக்கில் காத்திருந்து, ஹெலிகாப்டர் வந்து, கப்பலுக்குப் போய்ச் சேர்கிறது.

ஒரு ஆப்பிள் கொடுக்கிறார்கள். வாங்கித் தின்கிறது.

அந்த ஆப்பிளை விட்டு நகர முடியவில்லை.

*

விளையாடும் சிம்பன்சிக்கு வாய் தளர்ந்து திறந்திருக்கும். மேல்பல்லை உதடு மூடியிருக்கும்.

இரண்டு வரிசையும் தெரிய உதட்டை இழுத்துப் பிடிப்பது அச்சத்தில்.

1960லிருந்து கோம்பே காட்டில் சிம்பன்சிகளின் முகங்களைப் பார்த்தவர் ஜேன் குடால். ஹாமின் படங்களைப் பார்த்துவிட்டு, இத்தனை பயத்தை ஒரு சிம்பன்சியின் முகத்தில் தான் கண்டதே இல்லை என்கிறார்.

அன்றைக்கு அதைப் புன்னகை என்று பார்த்தார்கள். விண்வெளிக்குப் போய்வந்த மகிழ்ச்சி என்று.

*

உதட்டை அப்படி இழுத்துப் பார்க்கிறேன்.

கன்னத்தில் வலி. பல்லிடுக்கில் நுழையும் காற்று குளிர்ந்து தொண்டைக்குப் போகிறது. சிரிக்கும்போது கண் சுருங்கும். இதில் சுருங்கவில்லை.

அதிக நேரம் வைத்திருக்க முடியவில்லை.

*

பிறகொரு நாள் புகைப்படம் எடுக்க அதை மறுபடி விண்கலத்தருகே கொண்டுபோகிறார்கள். ஹாம் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்கும் வெளிப்படையாகத் தெரியும்படி ஒத்துழைக்கவில்லை.

அதன்பின் வாஷிங்டன் விலங்குக் காட்சிசாலை. 1963லிருந்து 1980 வரை. பெரும்பாலும் தனியாக.

சிம்பன்சிகள் கூட்டமாக வாழ்பவை.

*

வடிவேலுவின் முகமும் இதே குழுவில் நாள் முழுக்க வருகிறது. பார்த்துச் சலிக்காத முகம். அது ஒரு கலைஞன் தேடிக் கண்டெடுத்த முகம். பார்ப்பவர் சிரிக்க வேண்டும் என்றே செய்தது. ஆயிரமாவது முறை சிரித்தாலும் அவர் கொடுத்ததைத்தான் வாங்கிக்கொள்கிறோம்.

ஹாம் எதையும் கொடுக்கவில்லை.

*

படத்தைப் பெரிதாக்குகிறேன்.

ஒவ்வொரு முறை கைமாறும்போதும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. முகத்து மயிர் சதுரம் சதுரமாக உடைந்து கிடக்கிறது. கண்ணில் விளக்கொளி பட்டுத் தெறித்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். வார் எங்கே முடிகிறது, உடம்பு எங்கே தொடங்குகிறது என்பது தெரியவில்லை.

எழுத்து மட்டும் கூர்மையாக இருக்கிறது. அது சமீபத்தில் யாரோ வைத்தது.

*

மின்விசிறி ஓடுகிறது. ஒரு சுற்றில் ஒருமுறை மெலிதாக முனகுகிறது.

*

முதுகில் காது முளைத்த சுண்டெலி. இதுவும் ஓயாமல் வருகிறது. பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்க என்று எழுதி.

1990களின் நடுவில் மாசசூசெட்ஸில் சார்ல்ஸ் வகான்டியும் உடனிருந்தவர்களும் செய்த வேலை. 1995ல் பிபிசி காட்டுகிறது. ஆய்வுக் கட்டுரை 1997ல் வருகிறது. காது வடிவத்தில் ஓர் அச்சு. அதில் மாட்டுக் குருத்தெலும்பின் செல்கள். தோலைக் கீறி உள்ளே வைத்துத் தைக்கிறார்கள். எதையும் எதிர்க்கத் தெரியாத உடம்போடு வளர்க்கப்பட்ட எலி. அதனால் உடம்பு அதைத் தள்ளவில்லை.

மனிதக் காது இல்லை அது. கேட்காது. மரபணுவிலும் யாரும் கை வைக்கவில்லை.

1999ல் நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம், இது மரபணு மாற்றப்பட்ட எலி என்று சொல்கிறது. கொடுத்தவர்கள் மரபணு மாற்றத்தை எதிர்ப்பவர்கள்.

எதிர்த்தவர்களும் எலியைப் பார்க்கவில்லை.

*

அதன் சொந்தக் காதுகள் இரண்டும் முன்னால் இருக்கின்றன. மெல்லியவை. வெளிச்சம் ஊடுருவுகிறது.

*

சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க். 2013ல் ஆய்வக எலிக்கு ஒரு வெண்கலச் சிலை. மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியால் டிஎன்ஏ இழையைப் பின்னுகிறது. அன்போடு செய்த சிலை. பார்த்தால் மனம் இளகுகிறது.

சிலையிலும் எலி வேலைதான் செய்கிறது.

*

மணிச் சத்தம் கேட்டால் எச்சில் ஊறும் நாய். கேலிப்படத்தில் அதற்கு எப்போதும் நாக்கு தொங்கும். வால் ஆடும்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாவ்லோவின் நாய்களுக்குக் கன்னத்தில் துளை. துளையில் குழாய். எச்சில் சொட்டுச் சொட்டாக எண்ணப்படுகிறது.

1935ல் அந்த வளாகத்திலேயே நாய்க்கு ஒரு சிலை எழுகிறது. பாவ்லோவே விரும்பியது. எண்ணிய கைக்கும் ஏதோ பாக்கி இருந்திருக்கிறது.

*

முயல்.

இதை எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

*

1944. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் ஜான் டிரெய்ஸ் வகுத்த முறை.

தலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும் பெட்டி. கழுத்தைச் சுற்றி அடைப்பு, கால் எட்டிக் கண்ணைத் தேய்க்க முடியாதபடி. கீழ் இமையை மெல்ல இழுக்கிறார்கள். உண்டாகும் குழியில், சோதிக்கும் பொருள் 0.1 மில்லி லிட்டர். இமையைச் சில நொடி மூடிப் பிடிக்கிறார்கள்.

ஒரு கண்ணில் மட்டும். இன்னொன்று ஒப்பிட.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். 24 மணி நேரம். 48. 72. தேவைப்பட்டால் 21 நாள் வரை.

மதிப்பெண் உண்டு. கருவிழியின் முன்படலம் எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதற்கு 80. நடுவில் நிற வளையத்துக்கு 10. இமைக்கு உள்ளே இருக்கும் மெல்லிய தோலின் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் கசிவுக்கும் 20.

மொத்தம் 110.

*

முயல் ஏன் என்றால், கண் பெரிது. இமைப்பது குறைவு. கண்ணீரும் குறைவு, ஊற்றியதைக் கழுவிவிடாது. விலையும் அதிகமில்லை.

பெரும்பாலும் கத்தாது.

*

கண்ணை மூடுகிறேன். இமைக்குள் சிவப்பும் கருப்புமாக ஏதோ அசைகிறது. திறக்கிறேன். இமைக்கிறேன். கணக்கு வைக்காமல் இமைத்துக்கொண்டே இருக்கிறது கண்.

*

1980ல் விலங்குரிமைக்காகப் போராடிய ஹென்றி ஸ்பைரா நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்கம் வாங்குகிறார். அழகுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறார்கள் என்று ஒரு கேள்வி. அங்கிருந்து மெதுவாக நகர்கிறது. 2013ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விலங்குகளில் சோதித்த அழகுப் பொருள்களை விற்க முழுத் தடை. 2014ல் இந்தியாவில் சோதிக்கத் தடை, சோதித்ததை இறக்குமதி செய்யவும் தடை.

ஒரு பக்கம் காகிதம். நடுவில் முப்பத்து மூன்று வருடம்.

குளியலறையில் ஷாம்பு பாட்டிலின் பின்புறம் ஒரு சிறிய முயல் துள்ளுகிறது. வெறும் கோடுகள். கண் இல்லை.

*

கம்பியால் ஓர் அம்மா. துணி சுற்றி ஓர் அம்மா. பால் கம்பியில். குரங்குக் குட்டி துணியைப் பிடித்துக்கொண்டே உடம்பை நீட்டிக் கம்பியில் வாய் வைக்கிறது.

இந்தப் படத்தில் கம்பியின் மேல் ஒரு சொல்லும் துணியின் மேல் ஒரு சொல்லும் எழுதி அனுப்புகிறார்கள். சம்பளம். சொந்த ஊர்.

எழுதியவருக்கு உண்மையாகவே வலித்திருக்கலாம். தன் தனிமையைச் சொல்ல இதைவிடத் தனியான ஒரு முகம் அவருக்குக் கிடைத்திருக்காது.

*

விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ. 1950களின் பிற்பகுதி. பிறந்த சில மணி நேரத்தில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகள். 1958ல் அவர் ஆற்றும் உரைக்குப் பொருள் அன்பு.

தாயைவிடப் பால் பெரிதில்லை என்று நிரூபணமாகிறது.

மலைக்கோயில் படிக்கட்டில் நாட்டுக்குரங்கின் வயிற்றைக் கவ்விக்கொண்டு தலைகீழாகப் போகும் குட்டியைப் பார்க்கிற எவருக்கும் இது தெரியும். இதைத் தெரிந்துகொள்ள அந்தக் குட்டிகளைப் பிரித்திருக்க வேண்டாம். இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை.

*

மற்றதில் இருக்கிறது.

*

ஹார்லோவின் குட்டிகள் செம்முகக் குரங்குகள். அதே குரங்கு வட இந்தியாவில் கோயில் வாசல், ரயில் நிலையம், மொட்டை மாடி எங்கும் இருப்பது. 1950களில் லட்சக்கணக்கில் கூண்டில் ஏறி மேற்கே போகிறது. அதன் சிறுநீரகச் செல்களில் போலியோ வைரஸை வளர்க்கிறார்கள். அதிலிருந்து தடுப்பு மருந்து.

1978ல் மொரார்ஜி தேசாய் அரசு ஏற்றுமதியை நிறுத்துகிறது.

குழந்தையின் நாக்கில் இரண்டு சொட்டு. முகம் சுளிக்கிறது. எழுந்து ஓடுகிறது.

ஓடட்டும்.

*

குளிர்பெட்டிக் கதவில், முட்டைக்குக் கீழ்த் தட்டில், அப்பாவின் இன்சுலின்.

1921 கோடை. டொராண்டோவில் பான்டிங், பெஸ்ட். கணையம் எடுக்கப்பட்ட நாய்கள். எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒன்று ஊசிக்குப் பிறகு எழுந்து நிற்கிறது. மறுபடி படுக்கிறது.

அடுத்த ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பிழைக்கிறான்.

குப்பியை எடுத்து உள்ளங்கையில் உருட்டுகிறேன். சூடாக வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவுக்கு எரியும்.

நன்றி என்று எழுதுகிறேன். அடிக்கவில்லை. போதும் என்றும் எழுத முடியவில்லை.

*

1950களில் மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் விலங்குகளுக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவருகிறார். நேரு, அரசே சட்டம் செய்யும் என்கிறார். 1960ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962ல் விலங்குகள் நல வாரியம், அவர் தலைமையில், சென்னையில்.

கலாக்ஷேத்திராவின் ஆலமரத்தடியும் நாட்டியமும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இது அவ்வளவாக இல்லை.

சட்டத்தின் நான்காம் அத்தியாயம் பரிசோதனையை அனுமதிக்கிறது. கவனத்தோடும் இரக்கத்தோடும் செய்ய வேண்டும் என்கிறது. விண்ணப்பப் படிவம் இருக்கிறது. எந்த இனம். ஏன் இந்த இனம். எத்தனை. முடிந்த பிறகு என்ன ஆகும்.

கடைசிக் கட்டத்தில் எழுத அதிக இடம் தேவைப்படுவதில்லை.

*

சில சமயம் வேறு மாதிரியும் நிரப்பப்படுகிறது.

பெங்களூரில் ஆய்வகங்களிலிருந்து விடப்பட்ட பீகிள் நாய்களை வீடுகளில் எடுத்து வளர்க்கிறார்கள். காதின் உள்பக்கம் பச்சை குத்திய எண். படிக்கட்டு என்றால் என்னவென்று தெரியாத நாய்கள். சில நாளில் ஏறுகின்றன. இறங்கக் கொஞ்சம் கூடுதல் நாள்.

அந்தக் காணொளியும் சுற்றுகிறது. கீழே இதயங்கள். பார்க்கிறேன். இன்னொருமுறை பார்க்கிறேன்.

*

பீகிள் ஏன் என்றால், உடம்பு சிறிது. சாது. ஊசி போட்ட கையையே அடுத்த நாள் நக்க வரும்.

மன்னித்து வருகிறதா, மறந்து வருகிறதா, வேறு கை இல்லாததால் வருகிறதா.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.