எத்தனை மாத்திரை? உண்மையைச் சொல்!

நேற்று இரவு எத்தனை போட்டாய்?

ஒன்று என்கிறாய். பொய்!

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒன்று. போன மாதம் இரண்டு. நேற்று மூன்று, விடியும் முன் இன்னொரு பாதி. பழம் நறுக்கும் கத்தியால் வெட்டினாயே, அதன் மறுபாதி பெனடோல் டப்பாவுக்குள் இன்னும் கிடக்கிறது. யாருக்கும் தெரியாது என்றா நினைக்கிறாய்? தலைவலி மாத்திரை தேடிய உன் மகள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் பேசாமல் இருக்கிறாள்.

உன்னைத் திட்ட நான் வரவில்லை. உன் சாக்குகளைக் கொளுத்த வந்திருக்கிறேன்!

"தூக்கம் வரவில்லை, அதனால்தான் போடுகிறேன்."

சரி. ஆலையில் இரவு ஷிப்ட். லாரிக்குத் தவணை. தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம். காரணம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாத்திரை உன் தவணையைக் கட்டியதா? கடிதத்துக்குப் பதில் எழுதியதா?

"டாக்டர் கொடுத்ததுதானே?"

எத்தனை நாளைக்குக் கொடுத்தார்? இந்த வகைத் தூக்க மாத்திரைகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்று மருத்துவ உலகம் எச்சரித்துப் பல காலம் ஆகிறது. நீ என்ன செய்தாய்? பெஸ்தாரி ஜெயாவில் ஒரு கிளினிக், ஈஜோக்கில் ஒன்று, கோலசிலாங்கூரில் இன்னொன்று. ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தது அடுத்தவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே!

"தெரிந்த பையன் தருகிறான். எரிமின். அசல் சரக்கு."

அசலா? எரிமின் தயாரித்த ஜப்பானிய நிறுவனம் 2015-இல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது! உன் கைக்கு வரும் அட்டையில் இருப்பது என்ன? போலி எரிமினில் பெனசெபாம், எட்டிசோலம் என்று வேறு மருந்துகள் இருந்ததைச் சோதனைக்கூடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. பெயர் தெரியாத எதையோ விழுங்கிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் படுக்கிறாய்.

இப்போது உன்னையே கேள்.

முன்பு ஒன்றில் வந்த தூக்கத்துக்கு இப்போது மூன்று வேண்டுமா? குறைக்கப் பார்த்துத் தோற்றாயா? மாத்திரை தீர்ந்த நாளில் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாயா? நேற்று யாரிடம் என்ன பேசினோம் என்பதே மறந்துபோகிறதா? நாக்கு குழறுகிறதா? நடை தள்ளாடுகிறதா?

இவற்றில் இரண்டுக்கு ஆமாம் என்றாலே டாக்டரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. நீ கெட்டவன் ஆகிவிடவில்லை. உனக்கு ஒரு நோய் வந்திருக்கிறது. நோய்க்கு மருத்துவம் உண்டு!

"அப்படியா? இன்று இரவே எல்லாவற்றையும் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றுகிறேன்!"

நிறுத்து!

தன்னம்பிக்கை எழுதுகிறவன் இந்த இடத்தில் "ஆமாம், தூக்கி எறி" என்று முழங்க வேண்டும். நான் முழங்க மாட்டேன். அந்த வீரம் உன்னைக் கொன்றுவிடும்.

உன் மூளைக்குள் ஒரு பிரேக் இருக்கிறது. காபா என்று பெயர். 1963-இல் சந்தைக்கு வந்த வேலியம் தொடங்கி சானக்ஸ், டோர்மிக்கம் வரை எல்லாம் அந்தப் பிரேக்கைத்தான் அழுத்துகின்றன. மாதக்கணக்கில் மாத்திரையே அழுத்திக்கொண்டிருந்தால் மூளை தன் சொந்தப் பிரேக்கைத் தளர்த்திவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால்? இறக்கத்தில் பிரேக் இல்லாத டிராக்டர்! வலிப்பு வரலாம். புத்தி பேதலிக்கலாம். சாவும் வரலாம்.

அதனால்தான் சொல்கிறேன்: உனக்கு வேண்டியது ஒரு இரவின் வீராப்பு அல்ல. பல மாதம் தாங்கும் பிடிவாதம்!

இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு மருத்துவப் பிரிவு நடத்தினார். மெதுவாக, மிக மெதுவாக, நோயாளியின் வேகத்தில் குறைப்பதே அவர் வழி. 2025-இல் அமெரிக்க மருத்துவர்கள் தந்த வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது: இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து முதல் பத்து விழுக்காடு. தினம் 10 மில்லிகிராம் போடுகிறவருக்கு முதல் படி 9.5 அல்லது 9. அவ்வளவுதான்! ஆனால் இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து நீயே போடாதே. எந்த மாத்திரை, எத்தனை நாள், கூட வேறென்ன என்று பார்த்து டாக்டர் போட வேண்டிய கணக்கு இது.

அவரைப் பார்க்கும்வரை? அளவை ஏற்றாதே. திடீரென்று வெட்டாதே. லாரி ஸ்டியரிங்கைத் தொடாதே. செம்பனைக் குலை வெட்டும் அரிவாளையும் தொடாதே. தண்ணி, சம்சு ஒரு சொட்டும் வேண்டாம்! மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். ஹெரோயினோடு சேர்ந்தாலும் அதே கதிதான்.

"தோட்டத்து ஆள் நாங்கள். எங்கள் தலையெழுத்து இப்படித்தான்."

இந்தச் சாக்கைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை!

யாருடைய தலையெழுத்து? இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது. காட்டை வெட்டி நட்ட கைகளில் உன் பாட்டன், பூட்டன் கைகளும் உண்டு.

1941-ஐ நினைத்துப் பார். கிள்ளானில் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் முன்னால் நின்றார். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. என்ன கேட்டார்கள்? சம்பளம் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். இன்னொன்றும் கேட்டார்கள்: தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு! மே மாதம் நாதனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. தொழிலாளர்கள் மாண்டார்கள். 1947-இல் கெடா பீடோங்கில் தொண்டர் படை மறுபடியும் கள்ளுக்கடை முன்னால் போய் நின்றது.

பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கையில் காசில்லாதவர்கள். தங்களை மயக்கத்தில் வைத்திருப்பது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூடச் சொல்லத் துணிவும் இருந்தது. உனக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது, கைப்பேசி கிடைத்தது. துணிவு எங்கே போயிற்று?

"போலீஸ் பிடிக்குமே?"

மருத்துவர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளில் பலவற்றை வைத்திருந்தால் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் இருக்கிறது. ஆமாம், பிடிக்கும். அதனால் பிடிபடும் முன் நீயே போ! தானாக முன்வந்து சிகிச்சை கேட்க 1983-ஆம் ஆண்டுப் போதைச் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

"காசில்லை."

அரசாங்கக் கிளினிக்கில் குடிமகனுக்கு ஒரு வெள்ளி. நிபுணரிடம் அனுப்பினால் ஐந்து வெள்ளி. அந்தப் பையனிடம் ஓர் அட்டைக்கு எவ்வளவு கொடுக்கிறாய்? சொல்லேன் பார்ப்போம்!

"யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள்."

கயிறு கட்டிக்கொள், தடுக்கவில்லை. கட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போ!

இதைப் படிப்பது மனைவியா? அம்மாவா? உனக்கும் வேலை இருக்கிறது. அவன் அட்டையைப் பிடுங்கி ஒளித்து வைக்காதே, வலிப்பு வந்தால் உன்னால் சமாளிக்க முடியாது. ஊருக்குத் தெரியக் கூடாது என்று மூடி வைக்காதே. தட்டி எழுப்பியும் எழவில்லையா? மூச்சு மெதுவாக இழுக்கிறதா? உதடு நீலமா? 999-ஐ அழை! ஒருக்களித்துப் படுக்க வை. மோர், எலுமிச்சைச் சாறு, கோப்பி என்று வாயில் எதையும் ஊற்றாதே. பக்கத்திலேயே இரு. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1980-இல் சென்னையில் குடிக்கும் போதைக்கும் சிகிச்சை தர ஓர் அமைப்பையே தொடங்கினார். உன்னை மருத்துவமனை கட்டச் சொல்லவில்லை. கூடப் போ, அது போதும்.

கடைசிச் சாக்கும் எனக்குத் தெரியும். "ஒருமுறை விட்டுப் பார்த்தேன். மறுபடி விழுந்துவிட்டேன்."

விழுந்தால் என்ன? குறைத்துக்கொண்டு வரும்போது சில வாரம் தூக்கம் கெடும். பழைய பயம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அது தோல்வி இல்லை, மூளை தன் வேலையை மறுபடி கற்றுக்கொள்கிறது. டாக்டரிடம் சொன்னால் அதே படியில் இன்னும் சில வாரம் நிறுத்தி வைப்பார். கீழே இறங்கும் வேகம் குறையலாம், கவலை இல்லை. மாத்திரை இல்லாமல் தூங்கவும் பயிற்சி உண்டு: எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் பாயில் சாய்வது, பகல் தூக்கத்தை நிறுத்துவது. கிளினிக்கில் கேள், சொல்லித் தருவார்கள்.

பேச ஆள் வேண்டுமா? 15555-ஐ அழை, சுகாதார அமைச்சின் மனநல உதவி எண். நள்ளிரவு தாண்டிவிட்டதா? 15999 என்ற உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது.

நாளைக் காலை எட்டு மணிக்கு அரசாங்கக் கிளினிக் திறக்கும். ஐசியை எடுத்துக்கொள். காலி அட்டைகளையும் மிச்ச மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள். "ஒரு நாளைக்கு எத்தனை?" என்று டாக்டர் கேட்பார்.

கூச்சப்படாதே. குறைத்துச் சொல்லாதே. சரியான எண்ணைச் சொல். அந்த எண்ணை வைத்துத்தான் அவர் உனக்குக் கணக்குப் போடப் போகிறார்!