குளிர் நாட்டில் ஒளு

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு மூன்று முறை படிக்க வேண்டியதாயிற்று. எழுதியவர் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்த சகோதரர். கனடா தேசத்தின் டொராண்டோ மாநகரில் குடியேறி இது அவருக்கு இரண்டாவது குளிர்காலம். தகப்பனார் மவுத்தான பிறகு ஊரில் தனியே இருந்த தாயாரையும் அங்கே அழைத்துக்கொண்டிருக்கிறார்.

மார்கழிக் குளிர் என்று நாம் சொல்வதெல்லாம் அங்கே குளிரே அல்ல. சென்னையில் தை மாதத்து விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். டொராண்டோவில் ஜனவரி மாதத்து இரவுகள் சராசரியாகவே சைபருக்குப் பல டிகிரி கீழே. மைனஸ் 20 வரை இறங்கும் நாட்களும் உண்டு. குழாயில் வரும் தண்ணீர் ஒண்டாரியோ ஏரியிலிருந்து எடுக்கப்படுவது. குளிர்காலத்தில் அது உறைநிலைக்குச் சில டிகிரிதான் மேலே இருக்கும். கையை நீட்டினால் எலும்பு வரை வலிக்கும். அதனால்தான் அங்கே வீடுதோறும் வெந்நீருக்குத் தனிக் குழாய் இருக்கிறது.

அந்தத் தாயார் வெந்நீர்க் குழாயைத் திறப்பதில்லை. ஐந்து நேரமும் பச்சைத் தண்ணீரில்தான் ஒளுச் செய்கிறார். குதிகால் வெடித்து இரத்தம் கசிகிறது. விரல்கள் மரத்துப்போய் தஸ்பீஹ் மணியை உருட்ட முடியவில்லை. மகன் மன்றாடினால், "மார்கழி மாசத்திலே கிணத்துத் தண்ணியை இறைச்சுத்தானே ஒளுச் செஞ்சோம்? சுகத்தைத் தேடினா கூலி குறைஞ்சு போகும், மவனே" என்கிறாராம். இது சரியா என்பதே அவருடைய கேள்வி.

கடிதத்தின் கடைசியில், எழுதலாமா வேண்டாமா என்று தயங்கி எழுதியதுபோல், இரண்டே வரிகள் இருந்தன. குளிர்காலத்தில் தாம் வேலை செய்யுமிடத்தில் தொழுவதில்லையென்றும், லுஹர், அஸர், மஃரிப் மூன்றையும் இரவு வீட்டுக்கு வந்து சேர்த்துத் தொழுதுவிடுவதாகவும், இது உம்மாவுக்குத் தெரியாதென்றும் குறிப்பிட்டிருந்தார்.

தாயாரின் காரியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வதை அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. வெறுப்பூட்டும் சிரமங்களுக்கிடையிலும் ஒளுவைப் பூரணமாகச் செய்வது பாவங்களை அழித்து அந்தஸ்தை உயர்த்தும் என்ற கருத்தில் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அருளிய ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. இளமையில் யாரோ ஓர் ஆலிம் சொல்லக் கேட்டு, அறுபது வருடம் அதை நெஞ்சில் வைத்திருக்கிறார் அந்தத் தாய். அந்த நெஞ்சுக்கு முன்னால் நாம் கொஞ்சம் அடக்கமாகத்தான் பேச வேண்டும்.

ஆனால் அந்த ஹதீஸ் சிரமத்திலும் ஒளுவைக் குறைத்துவிடாதே என்கிறதா, ஒளுவுக்காகச் சிரமத்தைத் தேடிப் போ என்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. ஹிஜ்ரி 660 இல் வபாத்தான ஷாபியீ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் இதைப் பற்றியே ஆராய்ந்திருக்கிறார்கள். உதாரணத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டதும் குளிர்தான். ஒருவர் கோடையில் குளிக்கிறார், மற்றொருவர் கடுங்குளிரில் குளிக்கிறார். குளிப்பு என்ற அமலைப் பொறுத்தவரை இருவருக்கும் கூலி சமம். இரண்டாமவர் அல்லாஹ்வுக்காக அந்தக் கஷ்டத்தைத் தாங்கிக்கொண்டாரே, அந்தத் தாங்குதலுக்கு மட்டும் அவருக்குத் தனிக் கூலி உண்டு. கஷ்டம் என்பதைக் கொண்டே அல்லாஹ்வை நெருங்க முடியாது. ஏனெனில் கஷ்டம் ஓர் இபாதத்து அல்ல. அவர்கள் விளக்கத்தின் சாரம் இது.

வெந்நீர் கிடைக்காத இடத்தில் பச்சைத் தண்ணீரைத் தாங்கிக்கொள்பவருக்குக் கூலி உண்டு. வெந்நீர்க் குழாயை மூடிவைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரைத் திறப்பவர் எதைத் தாங்குகிறார்? தாமே உண்டாக்கிக்கொண்ட ஒன்றை. நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் அபூ இஸ்ராயீல் என்ற சஹாபி ஒருவர், உட்காராமலும் நிழலில் ஒதுங்காமலும் யாரிடமும் பேசாமலும் நோன்பிருப்பதாக நேர்ச்சை செய்து வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பேசும்படியும், நிழலில் ஒதுங்கும்படியும், உட்காரும்படியும், நோன்பை மட்டும் பூர்த்தி செய்யும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். புகாரியில் வரும் செய்தி இது. நோன்பு அல்லாஹ் கேட்டது. வெயில் அல்லாஹ் கேட்காதது. அங்கே வெயில், இங்கே குளிர்ந்த நீர், வேறென்ன வித்தியாசம்?

இன்னும் ஒரு படி மேலே போய், ஷாபியீ மத்ஹபின் நூல்கள் கடுமையாகச் சூடேறிய நீரிலும் கடுமையாகக் குளிர்ந்த நீரிலும் ஒளுச் செய்வது மக்ரூஹ் என்கின்றன. அதற்கு அவை கூறும் காரணம் கவனிக்கத்தக்கது. அப்படிப்பட்ட நீர் உறுப்புகளைப் பூரணமாகக் கழுவவிடாது. கை தானாகவே பின்வாங்கும். முழங்கைக்கு நீர் போய்ச் சேருமுன் அவசரப்படும். தாயார் எந்த ஒளுவைப் பூரணமாக்க நினைத்துச் சிரமப்படுகிறாரோ, அந்த ஒளுவுக்கே அது குறையாகிவிடுகிறது. இதை அவருக்கு எடுத்துச் சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறோம். கூலிக்கு ஆசைப்படுபவரிடம் கூலியைக் காட்டித்தான் பேச வேண்டும். உடம்பைக் காட்டிப் பேசினால் ஏறாது.

இதில் தாயாரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. நம்முடைய பயான்களில் இரவெல்லாம் நின்று கால் வீங்கியவர்களையும், பனிக்கட்டியை உடைத்துக் குளித்தவர்களையும் வர்ணிக்கிறோம். இரண்டு காரியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி வந்தால், அது பாவமாக இல்லாதவரை நாயகம் (ஸல்) அவர்கள் இலேசானதையே தேர்ந்தெடுத்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறோம்? இலேசைப் பற்றிப் பேசினால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்று நமக்கொரு பயம்.

அந்தப் பயம் முற்றிலும் பொய்யல்ல என்பதற்கு மகனின் இரண்டு வரிகளே சாட்சி.

டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 7.50 மணிக்கு, அடைவது 4.45 மணியை ஒட்டி. லுஹருடைய நேரம் பகல் 12.20 அளவில் வருகிறது. ஷாபியீ கணக்குப்படி அஸர் இரண்டரை மணிக்கு முன்பே வந்துவிடும். மாலை ஐந்து மணி வரை வேலையிலிருப்பவருக்கு லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வேலை நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கோடையில் இந்தச் சங்கடம் இல்லை. அப்போது மஃரிப் இரவு ஒன்பது மணிக்கு; அஸரையும் வீடு வந்து தொழலாம். குளிர்காலத்தில்தான் சோதனை. அதிலும் தொழுகையைவிட ஒளுதான் பெரிய தடையாகத் தோன்றும். பலர் வந்துபோகும் கழிவறையில், முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவக் கூச்சம். ஈரக் காலோடு காலுறை போட்டுப் பனியில் நடக்கப் பயம். நமக்கு இது புரியாமலில்லை.

ஆனால் அல்லாஹுத்தஆலா இதற்குத் தந்திருக்கும் சலுகை, நேரத்தைத் தவறவிடுவதல்ல. மழைக்காகச் சேர்த்துத் தொழுவதற்கு ஷாபியீ மத்ஹபில் இடமுண்டு. அதுவும் நிபந்தனைகளோடு, பிந்தியதை முந்தியதன் நேரத்தில் கொண்டுவந்து. ஏதோ ஒரு நாள் கட்டாயத் தேவை ஏற்பட்டால், வழக்கமாக்கிக்கொள்ளாமல் சேர்த்துத் தொழலாம் என்று சொன்ன இமாம்களும் இருக்கிறார்கள். மூன்று மாதம் தினந்தோறும் அஸரை இஷாவோடு சேர்ப்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. அது சலுகையல்ல, களா.

அவருக்கு உண்மையில் கிடைத்திருக்கும் சலுகை வேறு. ஹிஜ்ரி 9 ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுச் செய்தபோது, முகீரா இப்னு ஷுஃபா (ரலி) அவர்கள் நீர் ஊற்றினார்கள். கால் கழுவும் கட்டம் வந்ததும் தோல் காலுறைகளைக் கழற்றிவிடக் குனிந்தார்கள். அவற்றை விட்டுவிடும்படியும், தூய்மையான நிலையில்தான் அவற்றை அணிந்திருப்பதாகவும் கூறிவிட்டு, நாயகம் (ஸல்) அவர்கள் மேலே ஈரக்கையால் மஸஹு செய்துகொண்டார்கள். குஃப்பு எனப்படும் இந்தத் தோல் காலுறையை ஸுப்ஹுக்கு ஒளுச் செய்தவுடன் வீட்டிலேயே அணிந்து, அதன்மேல் ஷூவைப் போட்டுக்கொண்டு போகலாம். அணிந்தபின் முதலாவதாக ஒளு முறிந்த நேரத்திலிருந்து கணக்கிட்டு, ஊரிலிருப்பவருக்கு ஒரு பகல் ஓர் இரவு; பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. வேலையிடத்தில் கை, முகம் கழுவி, தலைக்கு மஸஹு செய்து, காலுறையின் மேல் ஈரக்கையைத் தடவினால் ஒளு முடிந்தது. தொட்டியில் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதே ஹதீஸில் நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது ஷாம் தேசத்து ஜுப்பா ஒன்றை அணிந்திருந்ததாகவும் வருகிறது. கை குறுகலாக இருந்ததால் மேலே ஏற்ற முடியாமல், அடிவழியாகக் கையை வெளியே எடுத்துக் கழுவினார்களாம். ஷாம் அன்று ரோமாபுரி அரசின் கீழிருந்த பூமி. குளிர் நாட்டவரின் கம்பளிக் கோட்டை அணிவதில் மார்க்கத்துக்கு என்ன குறை வந்துவிடும் என்று கேட்கும் பெரியவர்களுக்கு இது போதும். அந்தத் தாயாரின் வெள்ளைத் துப்பட்டி கோட்டுக்கு மேலேயா உள்ளேயா என்பதை அவரே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

தொழ இடமும் ஐந்து நிமிடமும் வேண்டுமே என்றால், கேட்டுத்தான் பெற வேண்டும். டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டம், தாங்க முடியாத இடைஞ்சல் ஏற்படாதவரை, தொழிலாளியின் மதக் கடமைக்கு வேலை தருபவர் இடமளிக்க வேண்டும் என்கிறது. அந்நாட்டில் முஸ்லிம்கள் நேற்று வந்தவர்களல்லர். மைனஸ் 30 டிகிரியைச் சாதாரணமாகக் காணும் எட்மன்டன் நகரில் 1938 டிசம்பரில் அல் ரஷீத் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. கனடாவில் பள்ளிவாசலாகவே எழுப்பப்பட்ட முதல் கட்டிடம் அதுதான். அதற்காக அவ்வூர் முஸ்லிம் பெண்கள் கடை கடையாக ஏறி நிதி திரட்டினார்கள்; கிறிஸ்தவர்களும் யூதர்களும் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கூச்சம் இருந்திருக்காதா?

தாயாரும் மகனும் ஒரே வீட்டில் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத்தான் முதலில் நமக்குத் தோன்றியது. யோசிக்க யோசிக்க அப்படியில்லை. அல்லாஹ் கொடுத்த இலேசைத் தாயார் வேண்டாம் என்கிறார். அவன் கொடுக்காத இலேசை மகன் எடுத்துக்கொள்கிறார். இருவருமே எது கொடுக்கப்பட்டது என்று விசாரிக்கவில்லை. தம் மனத்தைக் கேட்டுத் தீர்மானித்துக்கொண்டார்கள். தலையில் காயம்பட்ட ஒரு சஹாபிக்குக் குளிப்பு கடமையானபோது, தயம்மும் செய்ய அவருக்கு அனுமதியில்லை என்று தோழர்கள் சொல்லிவிட, அவர் குளித்து இறந்துபோனார். செய்தியறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் மிகவும் கோபித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை நோய்க்குக் கேள்விதானே மருந்து என்ற கருத்தில் அவர்கள் கூறியது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. இதற்கு மாறாக, ஹிஜ்ரி 8 இல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடுங்குளிர் இரவில் குளிப்பு கடமையாயிற்று. உயிருக்குப் பயந்து தயம்மும் செய்து தொழ வைத்தார்கள். விசாரிக்கப்பட்டபோது, உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்ற கருத்துள்ள இறைவசனத்தை நினைத்துப் பார்த்ததாகக் கூறினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை.

இந்தச் சம்பவத்தைக் கேட்டுவிட்டு டொராண்டோவில் தயம்மும் செய்யத் தொடங்கிவிட வேண்டாம். நீரைச் சூடாக்க வழியிருக்கும்போது குளிருக்காகத் தயம்மும் கூடாது. வழியே இல்லாமல் செய்தாலும், ஷாபியீ மத்ஹபின் வலுவான சொல்லின்படி அத்தொழுகையைப் பிறகு மீட்டித் தொழ வேண்டும். ஹனபீ மத்ஹபில் மீட்ட வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் லாபமும் உண்டு. டிசம்பரில் அங்கே ஸுப்ஹிலிருந்து மஃரிப் வரை பத்தரை மணி நேரம்தான். நம்மூரைவிட ஏறத்தாழ இரண்டு மணி குறைவு. ரமலானில் விடுபட்ட களா நோன்புகள் வீட்டுப் பெண்களுக்கு இருக்குமானால், தாகமே தெரியாத இந்தப் பகல்களில் நோற்றுவிடலாம். கஷ்டப்பட்டால்தான் கூலி என்று நினைப்பவர்கள் ஜூலை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

சகோதரருக்கு ஒரு குறிப்பு. குஃப்பு வாங்கும்போது கணுக்கால் மறைகிறதா, நீர் உள்ளே இறங்காதா, அணிந்து நடக்க முடியுமா என்று பாருங்கள். சாதாரணத் துணிக் காலுறையின் மேல் மஸஹு செய்வதில் மத்ஹபுகளுக்கிடையே பேச்சு இருக்கிறது, தோலே பத்திரம். விடுபட்ட தொழுகைகளைக் கணக்கிட்டு எழுதிவைத்துக்கொண்டு நிறைவேற்றத் தொடங்குங்கள். உம்மாவின் கால் வெடிப்பில் இரத்தம் கசிவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் வெந்நீரும் படக்கூடாதென்று மருத்துவர் சொன்னால் அதற்குச் சட்டம் வேறு. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொன்னதை நமக்கு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ் அதைப் பற்றித் தனியே எழுதுவோம்.